படிவமும் இடைவெளியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன் பேசிய அறிஞர் திருக்குறளின் இனிமையில் நம்மை ஆழ்த்தினார். எனக்குப் பின் நம் குடியிருப்புச் சிறுமியரின் கோலாட்டம் இருக்கின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே வலைத்தளப் படிவத்தைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்கின்றான் என்றால், காப்பி அருந்தி வருவதற்கு இதுவே நல்ல நேரம் என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களை நான் குறை கூறமாட்டேன். எஞ்சி இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் சங்கத்தின் உறுப்பினர் படிவம் இவ்வாண்டு முதல் தாளைவிட்டுத் திரைக்குச் செல்கின்றது. படிவம் அமைப்பதே என் தொழிலாதலின், அப்பணியைச் செயற்குழு என்னிடம் ஒப்படைத்தது. அதை எவ்வாறு அமைத்தேன், ஏன் அவ்வாறு அமைத்தேன் என்று விழாவில் விளக்குமாறு செயலாளர் பணித்தார். அவர் பணித்தபின் மறுப்பதற்கில்லை.

படிவம் என்றவுடன் நாம் எண்ணுவது கேள்விகளைத்தான். பெயர் யாது, ஊர் எது, பிறந்த நாள் எந்நாள் என்பவையே படிவம் என்று கருதுகின்றோம். ஆனால் கேள்விகளுக்கு நடுவே விடப்படும் வெற்றிடமும் படிவத்தின் ஒரு பகுதியே. அஃது அளவோடு அமையாவிட்டால் நல்ல கேள்விக்கும் தவறான விடையே வந்து சேரும். தமிழர்களாகிய நமக்கு இது புதிய செய்தியன்று.

நம் முன்னோர் ஓலையில் எழுதினார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விடுவதில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளியும் இடுவதில்லை. செய்யுளாயினும் உரைநடையாயினும் ஓலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எழுத்துகள் ஒரே வரிசையாகச் செல்லும். எங்கே நிறுத்துவது என்பது படிப்பவர் பொறுப்பு. இதனால் விளையும் ஐயத்துக்கு இலக்கண உரையாசிரியர்கள் ஓர் எடுத்துக்காட்டுத் தருவார்கள். 'செம்பொன்பதின்றொடி' என்பது அது. 'செம்பொன் பதின் தொடி' என்று பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். 'செம்பு ஒன்பதின் தொடி' என்று பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. எழுத்துகள் அவையே, நிறுத்தும் இடம் மட்டுமே மாறியது. பொன் செம்பாயிற்று, எடையிலும் ஒன்று குறைந்தது! கடன் பத்திரத்தில் இப்படி ஒரு தொடர் இருந்தால் இரு குடும்பங்களின் நட்பு அன்றோடு முடிந்துவிடும்.

பிறகு அச்சு வந்தது. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது. நாளடைவில் சொற்பிரிப்பும் பத்தியும் நிறுத்தக் குறிகளும் நம் எழுத்தில் நிலைபெற்றன. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்றோர் சுவடியோடு போராடிப் பாடத்தைத் தெளிவுபடுத்தித் தந்ததனால்தான் நாம் இன்று தடுமாறாமல் படிக்கின்றோம்.

நிற்க. ஓலையோடு ஒழிந்தது என்று எண்ணிய அந்த ஐயம் இன்று கைப்பேசித் திரையில் வேறோர் உருவில் நடமாடுகின்றது. ஒரு படிவத்தை மனத்தில் வைத்துப் பாருங்கள். 'பெயர்' என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் ஒரு பெட்டி. 'தந்தை பெயர்' என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் ஒரு பெட்டி. 'தாய் பெயர்' என்று ஒரு தலைப்பு; அதன்கீழ் ஒரு பெட்டி. தலைப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு விரற்கடை. பெட்டிக்கும் அடுத்த தலைப்புக்கும் நடுவிலும் அதே ஒரு விரற்கடை. எல்லாம் சம இடைவெளி, பார்ப்பதற்கு அழகு. ஆனால் திரையைச் சற்றே மேலே தள்ளியவுடன் முதல் தலைப்பு மறைந்துவிடுகின்றது. கண்ணுக்குத் தெரிவது பெட்டி, தலைப்பு, பெட்டி, தலைப்பு. இத்தலைப்பு மேலே உள்ள பெட்டிக்கு உரியதா, கீழே உள்ள பெட்டிக்கு உரியதா? சம இடைவெளி இக்கேள்விக்கு விடை சொல்லாது. பலர் தந்தையின் பெயரைத் தாயின் பெட்டியில் எழுதுவது இப்படித்தான். அவர்களுக்குப் படிப்பறிவு போதாது என்று அலுவலர் நினைக்கின்றார். போதாதது படிவம் அமைத்தவரின் கவனம்.

அருகருகே இருப்பவற்றை உறவென்றும், விலகி இருப்பவற்றை அயலென்றும் நம் கண் தானாகவே கொள்ளும். ஜெர்மானிய உளநூலறிஞர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் இதனைப் புள்ளிகளை வரைந்து காட்டி விளக்கினார். தலைப்பு தன் பெட்டியோடு ஒட்டி நிற்கவேண்டும். அடுத்த கேள்வியினின்றும் நன்றாக விலகி நிற்கவேண்டும். படிவ அமைப்பின் முதற்பாடம் இது. மற்றவை யாவும் இதனை நிறைவேற்றும் வழிகளே.

அவ்வழிகளைச் சிறிது சொல்கின்றேன். வலைத்தளப் பக்கத்தில் எது எங்கே, எந்த அளவில், எந்த நிறத்தில் நிற்கவேண்டும் என்று ஆணையிடும் கட்டளைத் தொகுதிக்குச் சி.எஸ்.எஸ். என்று பெயர். நார்வே நாட்டு ஹாக்கன் வியூம் லீ என்பார் 1994 அக்டோபரில், ஜெனீவா நகரத்து செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, இதற்கான திட்டத்தை முன்வைத்தார். 1996 டிசம்பரில் அது பொது நெறியாக வெளிவந்தது. எழுத்தின் நிறம், பருமன் ஆகியவற்றை ஆள அது நன்கு உதவிற்று. ஆனால் பக்கத்தை நிரல்களாகவும் வரிசைகளாகவும் பகுப்பதற்கு அதில் நேர்வழி ஒன்றும் இல்லை. கணக்கெழுதும் அட்டவணையை இரவல் வாங்கிச் சிலர் படிவம் அமைத்தனர். பெட்டிகளை இடப்புறமும் வலப்புறமும் மிதக்கவிட்டுச் சிலர் அமைத்தனர். ஒரு பெட்டியின் உயரம் சிறிது மாறினாலும் மற்றவை யாவும் சரிந்து விழும். இருபது ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

2017 மார்ச்சுத் திங்களில்தான் விடிவு பிறந்தது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி ஆகிய மூன்று உலாவிகளும் அந்த ஒரே திங்களில் 'கிரிட்' என்னும் கட்ட அமைப்பை ஏற்றுக்கொண்டன. (மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012-இலேயே தன் உலாவியில் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டிருந்தது. முன்னே வந்ததைப் பின்னே வந்தது வென்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

கிரிட் என்பது யாது? இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் விளக்கவேண்டுவதில்லை. வாசலில் புள்ளிக்கோலம் இடுகின்றீர்கள். முதலில் புள்ளிகள், பிறகே கோடு. இத்தனை வரிசை, இத்தனை புள்ளி என்று தரையில் முடிவு செய்தபின், கோடு தவறுவதற்கு இடமில்லை. கிரிட்டும் அதுவே. பக்கத்தில் இத்தனை நிரல் என்று முதலில் அறிவிக்கின்றோம். பிறகு ஒவ்வொரு பெட்டியையும் எந்த நிரலில் தொடங்கி எந்த நிரலில் முடிப்பது என்று சொல்கின்றோம். அதற்கு முன்பு நாங்கள் செய்துவந்தது புள்ளியே இடாமல் கோலம் போட்ட வேலை. நூறு கோலம் போட்ட கைக்கு அது வரும். எல்லார் கைக்கும் வராது.

நிரலின் அகலத்தை விரற்கணக்கில் சொல்லவேண்டுவதில்லை, பங்காகவே சொல்லலாம். 'எஃப்.ஆர்.' என்று ஓர் அளவு உண்டு. இந்த நிரலுக்கு ஒரு பங்கு, அந்த நிரலுக்கு இரண்டு பங்கு என்று எழுதிவிட்டால், திரை அகன்றாலும் குறுகினாலும் இருக்கும் இடம் அந்தக் கணக்கிலேயே பகிரப்படும். விளைச்சல் எவ்வளவாயினும் வாரக்கணக்கு மாறாமல் இருப்பதுபோல. பெட்டிகளுக்கு நடுவில் விடும் வெளிக்குக் 'கேப்' என்று தனிக் கட்டளை. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வரப்பு உள்ளதன்றோ, அது போல. ஒரு வேறுபாடு உண்டு. நம் வயலில் நாற்புறமும் வரப்பு இருக்கும். இங்கே இரு பாத்திகளுக்கு நடுவில் மட்டுமே இருக்கும், வெளி ஓரத்தில் இராது. தொடக்கத்தில் பலர் இதை அறியாமல் ஓரத்திலும் வெளி கிடைக்கும் என்று காத்திருந்து ஏமாறுவர்.

இனி இடைவெளி வகுப்புகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு பெரிய தளத்தில் பலர் சேர்ந்து வேலை செய்வர். ஒருவர் 13 பிக்சல் இடைவெளி விடுவார். மற்றொருவர் 15 விடுவார். மூன்றாமவர் கண்மதிப்பாக 17 விடுவார். தனித்தனியே நோக்கினால் குற்றம் தெரியாது. சேர்த்து நோக்கினால், எங்கோ ஏதோ சரியில்லை என்று மனம் உறுத்தும். இதற்கு மருந்தாக, இன்ன இன்ன அளவுகளே உண்டு, வேறு அளவு எடுக்கக்கூடாது என்று வரையறுத்து, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு சிறு பெயர் இட்டார்கள். ட்விட்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மார்க் ஓட்டோ, ஜேக்கப் தார்ன்டன் என்னும் இருவர் 2011 ஆகஸ்டில் வெளியிட்ட பூட்ஸ்டிராப் என்னும் தொகுப்பு பெரும்புகழ் பெற்றது. பக்கத்தை அது பன்னிரண்டு நிரல்களாகப் பகுக்கும். இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஆறாலும் வகுபடும் எண் பன்னிரண்டு என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2018-இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் இடைவெளி வகுப்புகள் 0 முதல் 5 வரை ஆறு படிகளாக ஒழுங்குபெற்றன. வழக்கமான எழுத்தளவில் அவை 0, 4, 8, 16, 24, 48 பிக்சல். 2017-இல் தோன்றிய டெயில்விண்ட் என்னும் தொகுப்பு பெரும்பாலும் நான்கு நான்காக ஏறிச் செல்லும்.

இதனைக் கேட்டவுடன் எனக்கு நினைவுக்கு வருவது நம் பாட்டிமார் வீட்டு முகத்தலளவைகள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. அரிசி அளப்பவர் கைப்பிடியால் அள்ளிப் போடுவதில்லை, பாத்திரத்தால் அளக்கின்றார். அதனால் மாமியார் அளந்தாலும் மருமகள் அளந்தாலும் உலையில் விழும் அரிசி ஒன்றே. இடைவெளி வகுப்பும் அளவுப் பாத்திரமே. பூட்ஸ்டிராப்பின் 4, 8, 16 என்னும் படிகள் ஆழாக்கு, உழக்கு, உரி போலவே ஒன்றன் இருமடங்காக மற்றொன்று அமைந்திருப்பதைக் காணுங்கள்.

இவ்வகுப்புகள் இருவகைப்படும். ஒன்று, பெட்டியின் சுவருக்கு வெளியே விடும் வெளி. மற்றொன்று, சுவருக்கு உள்ளே எழுத்தைச் சுற்றி விடும் வெளி. ஆங்கிலத்தில் இவற்றையும் திசைகளையும் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதுவர். உள்வெளிக்கு ஓர் எழுத்து, கீழ்ப்புறத்துக்கு ஓர் எழுத்து என்று வரும் அவ்விரண்டும் தமிழில் எழுதினால் 'பி' ஆகிவிடும். அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். நான் எண்ணை மட்டும் சொல்கின்றேன்.

நம் சங்கப் படிவத்தில் தலைப்புக்கும் அதன் பெட்டிக்கும் நடுவில் ஒன்றாம் படி, அஃதாவது 4 பிக்சல். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் 24 பிக்சல். இதனைக் கிரிட்டின் 'கேப்' கட்டளையாலேயே விட்டிருக்கின்றேன். குடும்ப விவரம் முடிந்து முகவரி தொடங்கும் இடத்தில் ஐந்தாம் படி, 48 பிக்சல். ஒன்றுக்கு ஆறு மடங்கு, அதற்கு இரு மடங்கு. கண் தெரியாமல் தடுமாற இனி வழியில்லை. 'கேப்' விட்ட இடத்தில் வகுப்பையும் சேர்த்து இட்டால் இரண்டும் கூடிவிடும். உப்புப் போட்ட குழம்பில் மறுபடியும் உப்புப் போட்டது போலாகும். ஒரு வேலைக்கு ஒரு கருவி என்று வைத்துக்கொண்டேன். இவ்வளவுகள் எல்லாம் அடிப்படை எழுத்தின் அளவைப் பொறுத்தவை. முதியவர் ஒருவர் தம் உலாவியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் இடைவெளியும் அதே விகிதத்தில் பெருகும்.

தலைப்பைப் பெட்டியின் பக்கத்தில் வைப்பதா, மேலே வைப்பதா என்பது பழைய வழக்கு. 2006-இல் மத்தேயோ பென்சோ என்பவர் படிவம் நிரப்புவோரின் கண்ணோட்டத்தைக் கருவிகொண்டு ஆராய்ந்து, தலைப்பு மேலே இருந்தால் தலைப்பும் பெட்டியும் ஒரே பார்வையில் அகப்படுகின்றன என்று எழுதினார். அவர் ஆராய்ந்தது தமிழ்ப் படிவத்தையன்று. தமிழுக்கு அது மேலும் பொருந்தும். ஆங்கிலத் தலைப்பை மனத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு குறுகிய நிரலை ஒதுக்கியிருப்பார்கள். அங்கே 'விண்ணப்பதாரரின் தந்தை அல்லது பாதுகாவலர் பெயர்' என்று தமிழில் இட்டால், அது நான்கு வரியாக மடிந்து அடுத்த கேள்வியின் எல்லையில் போய் இடிக்கும். மேலும், நம் எழுத்துகளுள் 'மீ', 'கீ' போன்றவை தலைக்குமேல் வளையும். 'ழு', 'மு' போன்றவை கீழே இறங்கிச் சுழியும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரியிடை தமிழுக்குப் போதாது. எழுத்தளவைப்போல் 1.6 மடங்கு வரியுயரம் தந்திருக்கின்றேன். 2018-இல் வெளிவந்த அணுகல் நெறிகள், படிப்பவர் தம் வசதிக்காக வரியுயரத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டாலும் எழுத்து எதுவும் வெட்டுப்படலாகாது என்று விதிக்கின்றன. பெட்டியின் உயரத்தை இரும்பு எண்ணால் பூட்டிவைத்தால் வெட்டுப்படத்தான் செய்யும்.

இதுவரை அளவுகளைப் பேசினோம். இனி அந்த அளவுகளுக்குள் அடங்க மறுக்கும் மக்களைப் பற்றிப் பேசவேண்டும். என் சொந்த ஊரையே எடுத்துக்கொள்கின்றேன். நான் நாகலாபுரத்துக்காரன். ஊத்துக்கோட்டைக்கு மேற்கே, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியவுடன் உள்ள ஆந்திரப் பகுதி. விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் பெயர் விளங்க வைத்த ஊர் அது. அங்குள்ள வேதநாராயணர் கோயிலைக் கண்டவர்கள் இங்கும் சிலர் இருக்கக்கூடும். ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் மூன்று நாட்கள் ஞாயிற்றின் கதிர் கருவறைவரை சென்று முதல் நாள் திருவடியிலும், மறுநாள் உந்தியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படும். கல்லை அடுக்கிய தச்சர்கள் கதிர் நுழையும் வெளியையும் அளந்து விட்டிருக்கின்றார்கள். அந்த ஊரிலிருந்து வந்தவன் இடைவெளியைப் பற்றிப் பேசுவதில் வியப்பொன்றும் இல்லை என்று என் நண்பர் ஒருவர் நகையாடுவார்.

எங்கள் ஊரில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் அண்டை வீட்டார். இருசாராரும் தம் பெயருக்கு முன்னால் முன்னெழுத்து இடுவர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் தமிழர் இடுவது தந்தையின் பெயரின் முதலெழுத்து. தெலுங்கர் இடுவது 'இண்டி பேரு' என்னும் குடும்பப் பெயரின் முதலெழுத்து. ஒன்று தலைமுறைக்குத் தலைமுறை மாறும், மற்றொன்று மாறாது. 'முதற்பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு பெட்டிகளை இட்டு, இரண்டும் கட்டாயம் என்று சிவப்பு மீன்குறியும் இட்டுவிட்டால், தெலுங்கு நண்பர் ஒருவாறு தப்பித்துக்கொள்வார். தமிழர் தந்தையின் பெயரைத் தம் குடும்பப் பெயராக்கிக்கொண்டு, அன்று முதல் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படுவார். இக்குடியிருப்பில் அப்படித் தந்தை பெயரால் அழைக்கப்படுவோர் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் அவை நிறைந்துவிடும். கடவுச்சீட்டில் ஒரே பெயர் உடையவருக்கு அமெரிக்க விசாவில், முதற்பெயர் அறியப்படவில்லை என்பதைக் குறிக்கும் 'எஃப்.என்.யு.' என்னும் மூன்றெழுத்தை அச்சிடுவார்கள். பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் கண்ணெதிரே இருக்க, அறியப்படவில்லையாம்!

முன்னெழுத்துக்கென்று தனியே ஒரு சிறு பெட்டி இடுவோரும் உண்டு. நல்லெண்ணந்தான். ஆனால் அப்பெட்டிக்கு ஓரெழுத்து என்று வரம்பு கட்டிவிடுகின்றார்கள். கணிப்பொறியின் கணக்கில் 'க' ஓர் எழுத்து. 'கி' இரண்டு, ககரம் ஒன்று, அதன்மேல் ஏறும் உயிர்க்குறி ஒன்று. 'ஸ்ரீ' நான்கு. ஓரெழுத்துப் பெட்டியில் 'கி' என்று தட்டினால் 'க' மட்டும் நிற்கும். மீதி உள்ளே நுழையாது. என் அத்தை கணவரை இழந்தபின் ஓர் உதவித்தொகைக்கு வலைத்தளத்தின் வழியே விண்ணப்பித்தார். கணவர் பெயர் கிருஷ்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் விழுந்தது 'க'. குடும்ப அட்டையில் இருந்தது 'கி'. பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பியது. திருத்தி அனுப்பினார், அதே பெட்டி, அதே 'க', அதே விடை. நான்கு திங்கள் இப்படிச் சென்றன. 'முப்பத்தெட்டு ஆண்டு அவரோடு வாழ்ந்தேனப்பா, அவர் பெயரை எனக்கு எழுதத் தெரியாதா?' என்று அத்தை என்னைக் கேட்டார். அந்த அலுவலகம் எது என்பது இங்கே வேண்டா. அப்பெட்டியை அமைத்தவர் தீயவரும் அல்லர். ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்தில் தமிழை உட்கார வைத்தார், அவ்வளவே.

ஊர்ப்பெயரிலும் இதே இடர். 1950-இல் நாகலாபுரத்தில் பிறந்த ஒருவர் பிறந்தது சென்னை மாநிலத்தில். 1953-இல் ஆந்திரம் தனியே பிரிந்தது. 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி இப்பக்கமும் சத்தியவேடு அப்பக்கமும் சென்றன. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் நாகலாபுரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறிற்று. வீட்டுத் திண்ணையைவிட்டு அவர் ஓரடி நகரவில்லை. படிவத்தில் அவர் ஊர் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கின்றது. பழைய சான்றிதழில் சித்தூர், புதிய சான்றிதழில் திருப்பதி. இரண்டும் மெய்யே. பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடு என்று கட்டாயப்படுத்தும் படிவம் அவரைப் பொய்யர் ஆக்கிவிடுகின்றது.

ஆகையால் நம் படிவத்தில் பெயருக்கு ஒரே ஒரு பெட்டிதான். முன்னெழுத்தோடு முழுப்பெயரையும் நீங்கள் எழுதும் வழக்கப்படியே அதில் எழுதலாம். அதற்கு அகலமும் முழுமையாகத் தந்திருக்கின்றேன். பெட்டியின் நீளத்தைக் கொண்டே, எவ்வளவு எழுதவேண்டும் என்று நிரப்புபவர் உய்த்துணர்கின்றார். அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு ஆறு இலக்கம் கொள்ளும் சிறு பெட்டி போதும்; பெயருக்குச் சிறு பெட்டி இட்டால் பெயரைச் சுருக்கு என்று ஏவுவதாகும். வலைத்தள நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும், பெயரைத் துண்டாடும் தேவை உண்மையிலேயே உண்டா என்று முதலில் எண்ணிப்பார்க்குமாறு அறிவுறுத்துகின்றது. பிறந்த ஊருக்கும் பட்டியல் இல்லை. உங்கள் கைப்பட எழுதலாம். 'உங்களிடம் உள்ள சான்றிதழில் இருப்பதுபோல் எழுதுக' என்னும் சிறு குறிப்பைத் தலைப்புக்கும் பெட்டிக்கும் நடுவில், ஒன்றாம் படி இடைவெளியில் வைத்திருக்கின்றேன். பெட்டிக்குக் கீழே வைத்தால், எழுதி முடித்தபின்தான் கண்ணில் படும்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லியாகவேண்டும். நம் பழைய தாள் படிவத்தில் 'குடும்பத் தலைவர் பெயர்' என்று முழுவரி இருந்தது. 'மனைவி பெயர்' என்று அதன்கீழ் அரைவரி இருந்தது. கட்டத்தைப் பங்கிடும் கோல் கையில் இருக்கும்போது இதனை அப்படியே படியெடுக்க எனக்கு மனம் வரவில்லை. 'உறுப்பினர் ஒன்று', 'உறுப்பினர் இரண்டு' என்று சமபங்காக இரு நிரல்கள் இட்டேன். செயற்குழுவில் இதைக் குறித்து இரண்டு மாலைகள் சொற்போர் நடந்தது. முன்னது மாறினால் மரபு கெடும் என்றார் ஒரு பெரியவர். கணவரை இழந்து தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் இக்குடியிருப்பில் உண்டு, அவர்கள் எந்த வரியில் எழுதுவார்கள் என்று கேட்டார் பொருளாளர் அம்மையார். அதற்கு அவையில் விடை இல்லை. சமபங்கு நிலைத்தது.

கைப்பேசியின் குறுகிய திரையில் இவ்விரு நிரல்களும் பக்கத்தில் நிற்க இடம் இராது. ஒரு நிரலின் அகலம் இந்த அளவுக்குக் குறையக்கூடாது என்று 'மினிமேக்ஸ்' கட்டளையால் சொல்லிவைத்தால், இடம் போதாதபோது இரண்டாவது தானே கீழே இறங்கி நிற்கும். இங்கே ஓர் எச்சரிக்கையை இத்துறையில் பயிலும் இளைஞர்களுக்குச் சொல்கின்றேன். கிரிட்டில் ஒரு பெட்டியைப் பார்வைக்கு எங்கு வேண்டுமாயினும் தூக்கி வைக்கலாம். ஆனால் பார்வையற்றவருக்குப் படிவத்தைப் படித்துச் சொல்லும் கருவி, பக்கத்தை எழுதிய வரிசையிலேயே படிக்கும். விசைப்பலகையின் தாவல் விசையும் அந்த வரிசையிலேயே செல்லும். கண்ணுக்கு ஒரு வரிசை, காதுக்கு ஒரு வரிசை என்று ஆகிவிடும். எழுதும்போதே வரிசையைச் சரியாக எழுதிவிட்டுப் பிறகு கட்டத்தில் அடுக்குங்கள். தொடும் பெட்டிகளின் உயரத்தை 44 பிக்சலுக்குக் குறையாமல் வைத்திருக்கின்றேன். 2023-இல் வந்த நெறி 24 போதும் என்கின்றது. முதுமையில் விரல் நடுங்கும் என்பதை எண்ணி நான் தாராளமாகவே விட்டேன்.

படிவம் நூலக அறையில் உள்ள கணிப்பொறியில் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றது. எழுபது வயதைக் கடந்த பெரியோர்கள் முதலில் நிரப்பிப் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். அருகில் நின்று உதவுவதற்கு யாரையும் அமர்த்தவில்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்தேன். பேரப்பிள்ளைகள் அறைக்கு வெளியே நிற்கட்டும். மேசையின்மேல் தாளும் பென்சிலும் இருக்கும். எந்தக் கேள்வியில் கை தயங்கியதோ அதன் எண்ணைக் குறித்து வையுங்கள், காரணம் எழுதவேண்டா. கோலாட்டம் முடிந்து உணவு தொடங்குமுன் அத்தாளை எடுத்துக்கொண்டு வருமாறு செயலாளரிடம் சொல்லியிருக்கின்றேன்.